சாந்தம்மா ஃபியூஸ் மாற்றிய சாயங்காலம்

நாகரசம்பட்டி சாந்தம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல. அவள் கணவர் திருமலைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை கிருஷ்ணகிரிக்குக் கூட்டி வந்து பயிற்சி கொடுத்தால் தேறுவார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதல் தடவை பஸ்ஸில்தான் கூட்டிப் போனாள். படியில் கால் வைக்க முடியாமல் அவர் திணறியபோது பின்னாலிருந்து யாரோ, "ஏறுய்யா சீக்கிரம், வழிய மறிச்சிக்கினு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். திருமலை கம்பியைப் பிடித்தபடி அழுதுவிட்டார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். மறுநாளே சாந்தம்மா காவேரிப்பட்டணத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள்.

கார் வீட்டிலேயே இருந்தது. திருமலை யாரிடமோ பழையதாக வாங்கிய வெள்ளை நிறச் சின்னக் கார். வெளியூரில் வேலை பார்த்த அவர் ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தார்ப்பாயை விட்டு வெளியே வரும். மகள் சௌமியா ஓசூரில் கணவனோடு இருந்தாள். இருவருக்கும் கம்பெனி வேலை, மாறி மாறி ஷிப்ட். "ஞாயித்துக்கிழமைன்னா நான் வந்து ஓட்டறேம்மா. மத்த நாள் லீவு தர மாட்டாங்க" என்றாள். பயிற்சியோ செவ்வாயும் வெள்ளியும்.

லைசென்ஸ் கையில் வந்த பிறகு சாந்தம்மா ஓட்ட ஆரம்பித்தாள். திருமலை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் கியர் மாற்றத் தடுமாறும்போது அவருடைய நல்ல கால் தரையை மிதிக்கும். வாயில் மட்டும் ஒன்றும் வராது.

அதாவது, ஒரே ஒரு சொல் வரும். "ஆமா." நோய் அவருடைய பேச்சை எல்லாம் எடுத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. சோறு போதுமா என்றால் ஆமா. இன்னும் வேண்டுமா என்றாலும் ஆமா. தலை வேண்டாம் என்று ஆடும், வாய் ஆமா என்று சொல்லும். தன் வாய் தப்பாகச் சொல்கிறது என்று அவருக்கே தெரியும். தெரிந்து, கண்ணை இறுக மூடிக்கொள்வார். கிருஷ்ணகிரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பிரியதர்ஷினி சேலத்துப் பெண், பொறுமைசாலி. படம் படமாகக் காட்டுவாள். யானை, வாழைப்பழம், குடை. "சொல்லுங்கப்பா, இது என்ன?" திருமலை படத்தை வெகுநேரம் பார்ப்பார். உதடு குவியும், தொண்டை அசையும். கடைசியில் "ஆமா" என்பார்.

மாதங்கள் ஓடின. கால் கொஞ்சம் தேறியது. கோலை ஊன்றி நடந்தார். கையும் பேச்சும் அப்படியே நின்றன.

திருமலை எப்போதுமே குறைவாகப் பேசுகிறவர் என்பதுதான் சாந்தம்மாவின் நினைப்பு. கல்யாணம் ஆன புதிதிலேயே அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கர்நாடக எல்லையைத் தாண்டிப் பொம்மசந்திராவில் இருந்த ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் பஸ். ஓசூரில் ஓர் அறை எடுத்து இன்னொரு டிரைவரோடு தங்கியிருந்தார். சனிக்கிழமை இருட்டியபின் வீட்டுக்கு வருவார். ஞாயிறு முழுக்க மாந்தோப்பில் வேலை பார்ப்பார், காரைத் துடைப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார். இப்படியே இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. சண்டை என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. பேச்சு என்றும் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பயிற்சி முடிந்து கிளம்பவே தாமதமாகிவிட்டது. பகலெல்லாம் தூறல். காவேரிப்பட்டணத்தில் நெடுஞ்சாலையை விட்டுப் போச்சம்பள்ளி ரோட்டில் திரும்பும்போது பொழுது சாய்ந்து, எதிரே வரும் வண்டிகள் விளக்குப் போட ஆரம்பித்திருந்தன. சாந்தம்மாவும் போட்டாள். தோப்புகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனதும் ரோட்டின் ஒரு பாதி மங்கினாற்போலத் தெரிந்தது. கண்ணாடியில் ஈரம் என்று நினைத்து வைப்பரைப் போட்டாள். மங்கல் அப்படியே இருந்தது.

எதிரே ஒரு கம்பெனி பஸ் வந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகமாக வந்தது. வழக்கமாக ஒதுங்குகிற அளவுக்கு அது ஒதுங்கவில்லை. நேராக அவள் பக்கமே வந்தது. திருமலை இடது கையால் டேஷ்போர்டில் ஓங்கி அடித்தார். சாந்தம்மா ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் மண்ணில் இறங்கி ஒரு குலுக்குக் குலுக்கியது. பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே கண்ணாடியை உரசுவதுபோல் போய்விட்டது.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க ஆச்சி? ஏன் அப்படி மேல வந்தான்?"

"ஆமா" என்றார் திருமலை. மூச்சு வாங்கியது. விரலால் முன்பக்கத்தைக் காட்டினார். வலது பக்கம்.

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். இடது விளக்கு எரிந்தது. வலது விளக்கு செத்துக் கிடந்தது. அப்போதுதான் விளங்கியது. பஸ்காரன் ஒற்றை விளக்கைப் பார்த்து, ரோட்டோரமாக யாரோ பைக்கில் வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். மீதிக் கார் அவன் கண்ணுக்கே படவில்லை.

அங்கிருந்து மெதுவாக, மண்ணோரமாகவே ஊர்ந்து, பக்கத்தில் இருந்த பஞ்சர் கடையில் கொண்டுபோய் நிறுத்தினாள். கடைக்காரர் முனிவேல் நடுவயது மனிதர். அவளை அடிக்கடி இந்த ரோட்டில் பார்த்திருக்கிறார். கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"பல்பு போயிருக்கும்க்கா. எங்கிட்ட கார் பல்பு இல்ல. எதுக்கும் கழட்டிப் பாக்கறேன்" என்று பானட்டைத் தூக்கப் போனார்.

திருமலை கதவைத் திறந்து கோலை ஊன்றி இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. காரைச் சுற்றி நடந்து ஓட்டுநர் பக்கம் வந்தார். கோலைக் கதவில் சாய்த்துவிட்டு, ஜன்னல் வழியாக இடது கையை விட்டு, ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த விளக்குத் தண்டைப் பிடித்து டிம், பிரைட், டிம், பிரைட் என்று மாற்றி மாற்றித் தட்டினார். இடது விளக்கு தாழ்ந்து உயர்ந்தது. வலது விளக்கு எதற்கும் எரியவில்லை. பிறகு முனிவேலைப் பார்த்தார்.

முனிவேல் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். "சரிதாண்ணா. பல்புக்குள்ள டிம்முக்கு ஒரு கம்பி, பிரைட்டுக்கு ஒரு கம்பி. ரெண்டும் ஒன்னாப் போவாது. அப்ப ஃபியூஸா இருக்கணும். அண்ணன் டிரைவரா?"

"பஸ் டிரைவருங்க" என்றாள் சாந்தம்மா. "ஒடம்பு முடியாமப் போச்சி. பேச்சு வராது."

ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. முனிவேல் சாவியை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே சின்னச் சின்னதாக, கலர் கலராகப் பிளாஸ்டிக் ஃபியூஸ்கள் வரிசையாகச் செருகியிருந்தன. மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருந்தது. வலது விளக்கு என்று காட்டியிருந்த நீல நிற ஃபியூஸைக் குறடால் மெல்ல இழுத்து, செல்போன் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்த நீலத்துக்குள் வளைந்து போகும் மெல்லிய தகடு நடுவில் அறுந்து, ஓரம் கருகியிருந்தது.

"இதாங்க்கா. இவ்வளவுதான் சமாச்சாரம்" என்றார். "புது ஃபியூஸ் இந்த நேரத்துக்கு இங்க கெடைக்காது. ஒன்னும் பண்ண வேணாம். செம்புக் கம்பியில ஒரு இழை எடுத்து இதும்மேல சுத்திச் சொருகிடறேன். ஜம்முனு எரியும். நாளைக்கு மாத்திக்குங்க. என்னாண்ணா, சுத்திடட்டுமா?"

"ஆமா" என்றார் திருமலை.

முனிவேல் கடைக்குள் போய்ப் பழைய வயர் ஒன்றை எடுத்துவந்து பல்லால் உரித்தார். சாந்தம்மா கணவரின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்த ஆமாவோடு குடித்தனம் செய்கிறவள். இந்த ஆமா வேறு. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இருங்க, சுத்தாதீங்க" என்றாள். "அவருக்கு இஷ்டமில்ல."

"அண்ணன்தாங்க்கா ஆமான்னாரு."

"ஆமா, ஆமா" என்றார் திருமலை இன்னும் பலமாக. இடது கையால் காரின் கூரையைத் தட்டினார். வாய் கோணியது. சொல்ல வந்ததற்கும் வந்த சொல்லுக்கும் நடுவில் அவர் கிடந்து தவிப்பது கண்கூடாகத் தெரிந்தது. முனிவேல் இழையை ஃபியூஸின்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பேடா!" என்று கத்தினார் திருமலை. "ஹாக்பேடா!"

முனிவேலின் கை நின்றது. சாந்தம்மா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நோய் வந்த நாளிலிருந்து அவர் வாயில் கேட்காத சொல். அதுவும் கன்னடத்தில். பேடா என்றால் வேண்டாம் என்ற அளவுக்கு அவளுக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் அது யாருக்குத்தான் தெரியாது?

முனிவேல் கம்பியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தார். அவர் சின்ன வயதில் பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். கன்னடத்திலேயே, "யாகண்ணா பேடா?" என்று கேட்டார். ஏன் வேண்டாம் என்று.

திருமலை காற்றை இழுத்தார். "பெங்கி" என்றார். உடனே கண்கள் விரிந்தன. தானே கேட்ட சொல்லைத் தானே நம்ப முடியாதவர்போல இன்னொரு முறை சொன்னார். "பெங்கி."

"நெருப்புங்கறாரு" என்றார் முனிவேல். "ஃபியூஸ் எதுக்கோ போயிருக்குது. கம்பி சுத்தினா அது அறுவாது, வயரு சூடாகிப் பத்திக்கும்ங்கறாரு போல. நெசந்தான்க்கா. எல்லாரும் சுத்தறாங்களேன்னு நானும் சுத்தறேன்."

திருமலை கையை மறுபடி ஜன்னலுக்குள் விட்டு ரேடியோவைக் காட்டினார். "ஹாடு. தெகி. தெகி."

"பாட்டுப் பொட்டியோடத எடுக்கச் சொல்றாரு!" முனிவேல் சிரித்துவிட்டார். மூடியில் இருந்த படத்தைப் பார்த்தார். ரேடியோவுக்கும் அதே நீல நிறம், மேலே அதே எண். "சரிக்குச் சரியா இருக்குது. இத அதுக்கு மாத்திக்கலாம். பாட்டு ஒரு நாளைக்கு இல்லாட்டி போவுது."

முனிவேல் குறடோடு குனியப் போனபோது திருமலை அவர் தோளைத் தொட்டுத் தடுத்தார். சாந்தம்மாவைப் பார்த்து, பெட்டியைக் காட்டினார். நீ.

அவள் மண்ணில் முழங்காலிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டாள். முனிவேல் வெளிச்சம் பிடித்தார். ரேடியோ ஃபியூஸைக் குறடால் பிடித்து ஆட்டாமல் இழுத்தாள். முதலில் வரவில்லை. பிறகு பல் பிடுங்கினதுபோல் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே தகடு முழுசாக இருந்தது. வலது விளக்கின் காலி இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டாள். பஞ்சர் கடையின் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. திருமலை முன்னால் போய் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பானட்டைத் தட்டி, விளக்கின் பின்பக்கத்தைக் காட்டி, முனிவேலிடம் என்னவோ சொல்ல முயன்றார். வரவில்லை. பரவாயில்லை என்பதுபோல் கையை வீசிவிட்டுத் தன் சீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காவேரிப்பட்டணத்து எலக்ட்ரீசியன் அதே இடத்தில்தான் கோளாறைக் கண்டுபிடித்தார். எலி கடித்து மேல்தோல் போன வயர், ஈரத்தில் பாடியைத் தொட்டிருக்கிறது. அது குலுங்கி விலகியதால்தான் மாற்றிய ஃபியூஸ் அன்றைக்குத் தாங்கியது. அதை வெட்டி வேறு வயர் போட்டு நாடா சுற்றிக் கொடுத்தார்.

ஆனால் அந்தச் சாயங்காலம் வீடு வரைக்கும் சாந்தம்மாவின் மனம் வயரில் இல்லை. பெங்கி, ஹாடு, தெகி. இந்தச் சொற்களை எல்லாம் இவர் எங்கே வைத்திருந்தார்? வீட்டில் ஒரு நாள்கூட அவர் கன்னடம் பேசிக் கேட்டதில்லை. ரோட்டில் ஒரு பஞ்சர் கடைக்காரர் நாலு வார்த்தை கேட்டதும் பதில் வந்தது. இரண்டு வருஷமாகத் தான் கேட்டுக் கேட்டு வராதது. அவளுக்குச் சந்தோஷம்தான். கூடவே நெஞ்சில் ஏதோ ஒன்று குத்தியது. அது என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரியதர்ஷினியிடம் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் கையிலிருந்த படக்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன்மா. ரெண்டு பாஷை தெரிஞ்சவங்களுக்கு ஒன்னு முந்தி வரும், ஒன்னு பிந்தி வரும். சிலருக்கு அதிகமாப் புழங்கினதுதான் முதல்ல வரும். அப்பா கன்னடம் அவ்வளவு பேசுவாரா?"

"எனக்குத் தெரியலம்மா" என்றாள் சாந்தம்மா. உண்மையில் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஓசூர் அறையில் திருமலையோடு தங்கியிருந்த கரியப்பன். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், அவரும் அதே கம்பெனியில் டிரைவர். நோய் வந்த புதிதில் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, நண்பன் இருந்த நிலையைக் காணப் பொறுக்காமல் போனவர். சாந்தம்மா அவருக்கு போன் போட்டு, திருமலையின் காதருகே வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, "ஏனோ திருமலே, ஊட்டா ஆய்த்தா?" என்ற குரல் கேட்டது. சாப்பாடு ஆச்சா என்ற சாதாரணக் கேள்வி.

திருமலை போனை இடது கையில் வாங்கிக்கொண்டார். "ஆய்த்து" என்றார்.

அந்தப் பக்கம் கரியப்பன் மளமளவென்று பேச ஆரம்பித்தார். திருமலை கேட்டுக்கொண்டே இருந்தார், நடுநடுவே ஒரு சொல் போட்டார். ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். சாந்தம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு ஓசூரில் இருந்த கரியப்பன் வீட்டுக்குக் கிளம்பினாள். சௌமியா தானே வருகிறேன் என்றாள். சாந்தம்மா கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் அவள் அவ்வளவு தூரம் ஓட்டியது அதுதான் முதல் தடவை. சூளகிரி மேட்டில் லாரிகள் இரண்டு பக்கமும் நெருக்கியபோது அவள் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டாள். பக்கத்திலிருந்து, "நிதானா" என்றார் திருமலை. "நிதானா, நிதானா." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பாமல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கரியப்பன் வீட்டு வாசலில் நண்பர்கள் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கரியப்பன் பேசினார், திருமலை உடைந்த சொற்களால் பதில் சொன்னார். காபி கொடுக்கும்போது கரியப்பன் சாந்தம்மாவிடம் தன் கொச்சைத் தமிழில் சொன்னார்:

"இவன் வாய் சும்மா இருக்காதும்மா. அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள பஸ்ஸே சிரிக்கும். மேனேஜர் மாதிரி பேசுவான், செக்போஸ்ட்காரன் மாதிரி பேசுவான். காலையில தூங்கி வழியற பசங்க எல்லாம் இவன் பஸ்ஸுலதான் எடம் புடிப்பாங்க. வீட்டுலயும் அப்படித்தான?"

சாந்தம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த மனிதரை நினைத்தாள். பேசிப் பேசித் தீர்த்துவிட்டு வந்து களைத்துக் கிடந்த மனிதர். அல்லது தன்னிடம் எப்படிப் பேசத் தொடங்குவது என்று தெரியாத மனிதர். இரண்டில் எது என்று இனி அவரைக் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. கோபப்படலாமா என்று யோசித்தாள். கோபம் வரவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து சிரிப்பதைப் பார்த்தபோது, இந்த ஆளை இதுவரை தான் பார்த்ததேயில்லை என்று மட்டும் தோன்றியது.

"இல்லீங்க" என்றாள். "வீட்டுல கம்மியாத்தான் பேசுவாரு. நீங்க எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க. கன்னடம்."

அதன்பின் அவள் கற்றுக்கொண்டாள். கரியப்பன் போனில் சொல்லிக்கொடுத்தார். முனிவேல் கடையைத் தாண்டும்போதெல்லாம் நிறுத்தி இரண்டு சொல் கேட்டுக்கொண்டாள். செல்போனில் பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், "இந்த வயசுல உனக்கு எதுக்கு?" என்று சிரித்தார்கள். திருமலைக்கு எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. பிரியதர்ஷினி அப்படி வாக்குக் கொடுக்கவும் இல்லை. கன்னடத்தில் சொல் சொல்லாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தமிழிலும் தண்ணி, சோறு, வலி என்று சில வந்தன. களைப்பான நாட்களில் எல்லாம் போய் மறுபடி ஆமா மட்டும் நிற்கும்.

இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் கிருஷ்ணகிரி போய்வருகிறார்கள். போன வாரம் திரும்பும் வழியில், எதிரே ஒரு கம்பெனி பஸ் போனதும் திருமலை ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நீளமான விஷயம். ஒரு சொல் வரும், நிற்கும், கை ஒன்று வரையும், அடுத்த சொல் வரும். ஒரு செக்போஸ்ட், ஒரு ஆடு, மழை, யாரோ ஒரு மேனேஜர். பாதி அவளுக்குப் புரியவில்லை. முன்பானால் தலையாட்டிவிட்டு ஓட்டியிருப்பாள்.

வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"ஏனு?" என்று கேட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். "இன்னொந்து சல ஹேளி."

திருமலை அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார், அவளுக்காக இன்னும் மெதுவாக.